25 வருடம் கழித்து ஒரு வகுப்பைக் கூட்ட வாட்ஸ்அப் குரூப் எவ்வளவு உதவும்?

பழைய பள்ளித் தோழர்களைத் தேடிப் பிடித்து ஒரு நாள் ஒரே இடத்தில் உட்காரவைக்க வேண்டுமென்றால், இன்றைக்கு நம் ஊரில் வாட்ஸ்அப் குரூப் அளவுக்குக் கைகொடுப்பது வேறு எதுவும் இல்லை. நாங்கள் 1999இல் பிளஸ் டூ முடித்தவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. வெள்ளி விழா கெட்-டுகெதரை 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை நடத்தினோம். கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பதால் வரவு செலவு முழுவதும் என் பொறுப்பு. குரூப் அட்மின்களில் நானும் ஒருத்தி. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த மதிப்புரை. மொத்தமாக ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். அதில் மூன்று, திரையின் கீழே ஓரமாக இருக்கும் அந்த மைக் பொத்தானுக்கு மட்டும்.

வாட்ஸ்அப்பின் வசதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓட்டெடுப்பு, ஸ்டேட்டஸ், வீடியோ கால் என்று நிறையச் சொல்வார்கள். வாய்ஸ் மெசேஜைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் வகுப்பு அப்படிப்பட்டதில்லை. தமிழ்வழியில் படித்தோம். பாதிப் பேர் கல்லூரிப் பக்கமே போகவில்லை. சிலர் சிவகாசியில் பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் இருக்கிறார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் இரண்டு பேர். ராஜபாளையம் மில்லில், திருப்பூர் பனியன் கம்பெனியில், லாரியில், டீக்கடையில், ராணுவத்தில், வளைகுடாவில் என்று ஆளுக்கொரு திசை. போனில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவதற்கும் பலருக்குக் கூச்சம். தப்பாக எழுதினால் சிரிப்பார்களோ என்ற பயம் பள்ளிக்கூடத்தோடு போய்விடுவதில்லை.

குரூப் தொடங்கிய சில வாரங்கள் இப்படித்தான் கழிந்தன. பேசியவர்கள் எல்லாம் ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், சென்னையில் ஐடி வேலை பார்க்கிறவர்கள். மற்றவர்கள் படித்தார்கள், நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. வகுப்பில் முதல் பெஞ்சு பேச, பின்பெஞ்சு கேட்டுக்கொண்டிருந்த அதே கதை மறுபடியும் நடப்பதாக எனக்குத் தோன்றி மனசு கனத்தது.

ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல், லாரி ஓட்டும் நண்பன் ஆந்திராவில் ஒரு டோல்கேட் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு வாய்ஸ் போட்டான். "யப்பா, நான்தான் போண்டா பேசுறேன். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? செண்பகத்தோப்புக்கு சைக்கிள்ல போனமே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தான். பின்னால் லாரிகள் கடந்துபோகும் சத்தம். நான்கு நிமிடம் பேசியிருப்பான். பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, ஒரு சைக்கிளுக்கு இரண்டு பேராக மலையடிவாரம் போனது. தக்காளிச் சாதத்தைப் பொட்டலம் கட்டிக்கொடுத்தது யார் அம்மா என்பது. இயற்பியல் சார் தோளில் கிடந்த துண்டைக் குரங்கு உருவிக்கொண்டு மரத்தில் ஏறியது. அந்தக் காட்டைச் சாம்பல் நிற அணில்களுக்காகவே 1988இல் சரணாலயமாக்கினார்கள் என்று சார் சொல்லி, அணிலைக் காட்டுகிறேன் என்று எல்லாரையும் அண்ணாந்து பார்க்கவைத்தது. எங்களில் யாருக்கும் நினைவில்லாத விஷயங்களைக்கூட அவன் வரிசையாகச் சொன்னான்.

அந்த ஒரு வாய்ஸ்தான் குரூப்பைத் திறந்துவிட்டது. மறுநாள் காலைக்குள் முப்பதுக்கு மேல் வாய்ஸ் வந்து விழுந்தது. தறியில் வேலை பார்க்கும் தோழி பேசும்போது பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்டது. அவள் அதை நிறுத்தவில்லை, குரலை உயர்த்திக்கொண்டாள். பட்டாசு ஆலைக்குப் போகும் இன்னொருத்திக்குச் சொந்தமாக ஸ்மார்ட்போன் கிடையாது. வேலை முடிந்து வந்து மகன் போனில் பேசுவாள். "என் பையன் சிரிக்கிறான்டி, அம்மா பள்ளிக்கூடத்துல இப்படியா இருந்தீங்கன்னு கேக்குறான்" என்று ஒரு நாள் சொன்னாள். அவளும் எழுதியே ஆக வேண்டும் என்றிருந்திருந்தால் சந்திப்புக்கு வந்திருக்க மாட்டாள் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். எழுத்தில் பேசியவரை எல்லாரும் 'நீங்க, வாங்க' என்றே இருந்தோம். 'தங்களின் வருகையை எதிர்பார்க்கிறோம்' என்றெல்லாம் எழுதிக்கொண்டோம். வாய்ஸ் வந்த பிறகு முதல் வாரமே 'நீ' வந்துவிட்டது. இரண்டாவது வாரம் 'டா', 'டி'. பள்ளியில் படிக்கும்போது பேசவே பேசாத பையன்கள் சிலரை இப்போது 'வாடா' என்று கூப்பிடுகிறேன். அந்தக் காலத்தில் ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று பிரித்து உட்காரவைத்திருந்தார்கள். நோட்டு வாங்குவதற்குக்கூட லீடர் மூலமாகப் போக வேண்டும்.

வேதியியல் சாரை குரூப்பில் சேர்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓய்வு பெற்று மதுரையில் இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டது, எழுதுவது சிரமம். அவருடைய மருமகள் மைக் பொத்தானைக் காட்டிக்கொடுத்தார். சார் நலம் விசாரித்துவிட்டு நேராகச் செய்முறைத் தேர்வுக்கே போய்விட்டார். "உப்போட சோடியம் கார்பனேட் சாறு எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் கரைசல் சேர்த்தா என்ன வரும்? சொல்லுங்க பாப்போம்." அவ்வளவுதான். "தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு சார்!" என்று வரிசையாக வாய்ஸ் வருகிறது. டீக்கடைக்காரன் சொல்கிறான், குவைத்தில் இருப்பவன் சொல்கிறான், போலீஸ்காரி சொல்கிறாள். கடைசியில் லாரி நண்பன், "அம்மோனியம் ஹைட்ராக்சைடுல கரையும் சார், குளோரைடு உறுதி" என்றான். சார் அவன் பட்டப்பெயரைச் சொல்லியே, "அன்னைக்கு இத எழுதியிருந்தா பாஸ் ஆயிருப்பியேடா" என்றார். அந்த வாய்ஸை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குக் கண் கலங்கும். இதையெல்லாம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால் நான்கு வரித் தகவலாகப் போயிருக்கும்.

சரி, கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாய்ஸ் மெசேஜ் வாட்ஸ்அப்பில் 2013இலிருந்தே இருக்கிறது. மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். விரலை எடுத்தால் போய்விடும். பலருக்கு இது மட்டும்தான் தெரியும். அழுத்தியபடியே விரலை மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். இடையில் நிறுத்தித் தொடரலாம், அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டு அழித்துவிடலாம். எங்கள் வயதுக்காரர்களுக்கும் பெரியவர்களுக்கும் இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். பாதிப் பேச்சில் கை நழுவி "நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்பதோடு நிற்கும் பதிவுகள் பாதியாகக் குறையும்.

கேட்கிற பக்கத்திலும் நல்ல வசதிகள் உண்டு. 2021இல் வேகத்தைக் கூட்டும் வசதி வந்தது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வைத்துக் கேட்கலாம். சமையல் ஏற்பாடு பற்றிய நீண்ட பேச்சுகளை நான் ஒன்றரை மடங்கில்தான் கேட்டேன். நினைவுகளைச் சொல்லும் பதிவுகளுக்கு மட்டும் வேகத்தைத் தொடவே மாட்டேன். அடுத்தடுத்து வந்த வாய்ஸ்கள் ஒன்று முடிந்ததும் மற்றொன்றாகத் தானே ஓடும் என்பதால், காலையில் அடுப்படியில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட முடிந்தது. போனைக் காதருகே கொண்டுபோனால் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து காதுப் பக்கம் மாறிவிடும். கூட்டுக்குடும்பத்தில் இருக்கும் தோழிகள் பலர் இந்த ஒன்றுக்காகவே நிம்மதியாகக் கேட்டார்கள்.

குறை என்று பார்த்தால் ஒன்று பெரியது. வாய்ஸில் சொன்னதைத் தேடி எடுக்க முடியாது. எழுத்தாக இருந்தால் 'மண்டபம்' என்று போட்டுத் தேடினால் வந்துவிடும். வாய்ஸில் யாரோ எப்போதோ சொன்ன சமையல்காரர் நம்பர் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். எனவே நாங்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். யார் எதை வாய்ஸில் பேசினாலும், முடிவான தேதி, இடம், தொகை, தொலைபேசி எண் மட்டும் அட்மின் ஒருவர் எழுத்தில் போட்டுவிடுவார். அதைக் குரூப்பின் மேலே பின் செய்துவைப்போம். 2023 டிசம்பரில் வந்த வசதி இது. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு இருக்கும். குரூப் விளக்கத்திலும் அதையே போட்டுவைத்தோம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முன்பு நடந்த பேச்சு எதுவும் தெரியாமல் இருந்ததால், விளக்கப் பகுதிதான் அவர்களுக்கு வழிகாட்டியது.

தேதியை முடிவுசெய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டிப்பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிச் சண்டை இதில்தான் வரும். ஆடிப்பூரத் தேருக்கு ஊர்க்காரர்கள் எல்லாரும் வருவார்கள், அப்போது வைக்கலாம் என்றது ஒரு கட்சி. குரூப்புக்கே விதை 2023 ஆடிப்பூரத்தில் ரத வீதியில் நாலைந்து பேர் தற்செயலாகச் சந்தித்ததுதான் என்பதால் அதற்கு ஆதரவும் இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள். பொங்கலுக்கு வைத்தால் பெண்களால் வீட்டைவிட்டு நகர முடியாது. மே மாதம் என்றால் அக்னி நட்சத்திரம். ஓட்டெடுப்பில் 12 விருப்பங்கள் வரை போட இடம் இருந்தாலும் நாங்கள் நான்கு தேதிகளை மட்டும் போட்டோம். அதிகம் போட்டால் ஓட்டு சிதறும். மே 12 நல்ல வித்தியாசத்தில் வென்றது.

இதை ஜனவரி முதல் வாரத்துக்குள் முடித்தாக வேண்டியிருந்தது. அப்போது ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்துவிடும். சென்னைத் தோழர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரிப் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும், ஞாயிறு ராத்திரி அதிலேயே திரும்ப வேண்டும். கோடை விடுமுறையில் அந்த வண்டியில் இடம் என்பது முதல் நாளே பதிவுசெய்தால்தான். (2024 நவம்பரிலிருந்து இது 60 நாளாகிவிட்டது. இனி நடத்துகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.) நாடாளுமன்றத் தேர்தல் தேதி வேறு அப்போது அறிவிக்கப்படவில்லை. எங்களில் ஆசிரியர்கள் பத்துப் பேருக்கு மேல். தேர்தல் பணி வந்தால் அவர்களால் அசைய முடியாது. மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்து, தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 என்று தெரிந்தபோது குரூப்பில் ஒரே கைதட்டல் படங்கள்.

ஓட்டெடுப்பில் ஒரு விஷயத்தைக் கவனத்தில் வையுங்கள். யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது குரூப்பில் உள்ள எல்லாருக்கும் தெரியும். தேதிக்கும் சாப்பாட்டுக்கும் அது பரவாயில்லை. 'தலைக்கு எவ்வளவு வசூலிக்கலாம்' என்ற கேள்வியை அதில் போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். 500 ரூபாய்தான் முடியும் என்பவர் 2,000க்கு ஓட்டுப் போட்டுவிட்டு வராமல் இருந்துவிடுவார். அதற்கு மட்டும் பெயர் கேட்காத ஒரு கூகுள் படிவம் அனுப்பினோம். அதில் வந்த பதிலை வைத்து 600 ரூபாய் என்று முடிவானது. முடிந்தவர்கள் கூடுதலாகத் தரலாம், கேட்க மாட்டோம்.

பணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. யார் கட்டினார்கள், யார் பாக்கி என்ற பட்டியலைக் குரூப்பில் போடவே இல்லை. பல குரூப்களில் போடுகிறார்கள், பெயருக்கு எதிரே பச்சை டிக்கோடு. வங்கியில் கடன்காரர்களின் முகத்தை நான் தினம் பார்க்கிறேன். அந்த முகத்தோடு ஒருத்தர்கூட எங்கள் சந்திப்புக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். மொத்த வரவு, மொத்த செலவு, ரசீதுகளின் படம், இவ்வளவுதான் குரூப்பில். கட்டாதவர்களிடம் தனியாகக்கூடக் கேட்கவில்லை. வரவு யுபிஐ வழியாகத்தான் பெரும்பாலும் வந்தது. தேர்தல் நடத்தை விதி நடப்பில் இருந்ததால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோனால் ஆவணம் காட்ட வேண்டும். சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் முன்பணத்தை யுபிஐயிலேயே அனுப்பிவிட்டதில் அந்தத் தொல்லையும் இல்லை, கணக்கும் தானாக நின்றது.

பெண்களைக் குரூப்பில் சேர்ப்பதுதான் எங்கள் வேலையிலேயே கடினமானது. பையன்களைக் கண்டுபிடிக்கத் தெருவில் கேட்டால் போதும். பெண்களுக்கு ஊர் மாறியிருக்கும், இனிஷியல் மாறியிருக்கும், போன் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், டிபியில் பிள்ளையின் படமோ சாமி படமோ இருக்கும். நான் அவர்களுடைய அம்மாக்களைத் தேடிப் போனேன். வெள்ளிக்கிழமை ஆண்டாள் கோயில், ரேஷன் கடை, பால் சொசைட்டி என்று கேட்டுக் கேட்டுத்தான் நம்பர்கள் கிடைத்தன. கிடைத்த பிறகும் தயக்கம். வாட்ஸ்அப் குரூப்பில் நம் நம்பர் எல்லாருக்கும் தெரியும் என்பது உண்மையான தடை. எனவே முதலில் பெண்களுக்கு மட்டும் தனிக் குரூப் வைத்தோம். அங்கே பேசிப் பழகி, சிரித்து, அழுது, அப்புறம் விருப்பப்பட்டவர்கள் மட்டும் பெரிய குரூப்புக்கு வந்தார்கள். வராதவர்களுக்கு நான் செய்தியைக் கடத்தினேன். பல குரூப்களை ஒரே குடைக்கீழ் வைக்க 2022 கடைசியில் வந்த கம்யூனிட்டி வசதியில் அறிவிப்புப் பகுதி மட்டும் வைத்துக்கொண்டால் உறுப்பினர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதில் ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து. அழைப்பு இணைப்பை வெளியே விட்டால், அட்மின் அனுமதித்த பிறகே சேரும்படியான அமைப்பைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

படங்களுக்கு வருகிறேன். பிளஸ் டூ குரூப் போட்டோ எங்களில் ஏழெட்டுப் பேரிடம்தான் பத்திரமாக இருந்தது. அதைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கித்தான் அனுப்பும். நான்காவது வரிசையில் நிற்பவர் முகம் வெறும் வெளிச்சப் புள்ளியாகிவிடும். ஹெச்டி என்ற பொத்தானை அழுத்தி அனுப்பினால் கொஞ்சம் மேல். ஆவணமாக, அதாவது டாக்குமெண்டாக அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும். 2 ஜிபி வரை அனுப்பலாம். ஒரு அச்சக நண்பன் அந்தப் படத்தை நல்ல ஸ்கேனரில் எடுத்து டாக்குமெண்டாகப் போட்டான். அன்று முழுவதும் வரிசை வரிசையாகப் பெயர் சொல்லும் வேலைதான். ஒவ்வொரு முகத்துக்கும் யாராவது ஒரு வாய்ஸ். கோபுரம் தெரியும் மாடி வகுப்பறை, மார்க் ஷீட்டில் இருக்கும் அரசு முத்திரை நம் ஊர்க் கோபுரம்தான் என்று தமிழய்யா பெருமையாகச் சொன்னது, இடைவேளையில் சுவர் ஏறி வாங்கிய சேமியா ஐஸ், ரிசல்ட் அன்று பஸ் ஸ்டாண்டில் மாலைப் பத்திரிகைக்குக் காத்திருந்து பதிவெண் தேடியது என்று எல்லாம் அந்த ஒரு படத்திலிருந்து வந்தது. மூன்று பேர் இப்போது இல்லை. அவர்களைப் பற்றிப் பேசினோம். அதில் ஒருவன் அருமையாகப் பாடுவான். அவன் குரல் எந்த இடத்திலும் பதிவாகவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் யாரிடமும் அதற்குக் கருவி கிடையாது. அவனுடைய அக்காவைக் கூப்பிட்டுப் பேசவைத்தோம்.

பார்வர்டு செய்திகள், கட்சி அரசியல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேர்தல் நேரம் என்பதால் விதியை விளக்கத்திலேயே எழுதியிருந்தோம். மீறினால் அட்மினே செய்தியை எல்லாருக்குமாக அழிக்கலாம், அழித்தோம். பிரசாரம் முடிந்த ஏப்ரல் 17 மாலையிலிருந்து ஓட்டுப்பதிவு முடியும்வரை அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவைத்தோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

டெலிகிராம் நல்லது என்று ஐடி நண்பர்கள் சொன்னார்கள். சில விஷயங்களில் உண்மைதான். நம்பரை மறைக்கலாம், புதிதாக வருபவர் பழைய பேச்சைப் பார்க்கலாம், குரூப்பில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். வாட்ஸ்அப்பில் 1,024 பேர்தான். எங்கள் நான்கு பிரிவுகளும் சேர்ந்து இருநூறைத் தாண்டாது, எனவே அந்த அளவே தாராளம். அதைவிட முக்கியம், பட்டாசு ஆலைத் தோழியின் மகன் போனில் இருந்தது வாட்ஸ்அப் மட்டும்தான்.

சந்திப்பு நாளில் வாய்ஸ் இன்னொரு வேலையும் செய்தது. வர முடியாதவர்கள், ராஜஸ்தானில் ராணுவத்தில் இருப்பவன், தம்மாமில் இரண்டு பேர், மாமியாருக்கு உடம்பு முடியாமல் கோவையில் தங்கிவிட்ட தோழி, எல்லாரையும் முதல் நாளே ஆளுக்கொரு வாய்ஸ் அனுப்பச் சொல்லியிருந்தோம். போனை மைக் செட்டில் ஒரு வயரால் இணைத்து முதல் பதிவைத் தட்டிவிட்டோம். ஒன்றன்பின் ஒன்றாக அவையே ஓடின. சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பதில் கத்தினார்கள். வெயில் கொளுத்திய நாள். மண்டபத்துக்காரர் மின்விசிறிகளோடு மூன்று ஏர் கூலரும் போட்டுத்தந்தார். சாம்பாரும் அவியலும் பால்கோவாவும் மிக நன்றாக இருந்தன. லாரி நண்பன் பரிமாறினான். வேதியியல் சாருக்குப் பக்கத்தில் உட்கார அவ்வளவு போட்டி.

மிச்சப் பணத்தில் பள்ளிக்கு என்ன செய்வது என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, ஆய்வகத்துக்குச் சோதனைக் குழாய்கள், பிப்பெட், பியூரெட் வாங்கிக் கொடுத்தோம்.

கடைசியாக ஒரு வேலை. குரூப்பில் சேர்ந்த வாய்ஸ்களைப் பத்திரப்படுத்திவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பின் பேக்கப் இப்போது கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்துக்குள்தான் அடங்க வேண்டும். போட்டோவும் மெயிலும் அதே இடத்தில்தான் என்பதால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். பிடித்த பதிவுகளுக்கு நட்சத்திரம் போட்டுவைத்தால் தேடுவது எளிது. போனின் கோப்புகளில் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். உள்ளே தேதியைப் பெயராகக் கொண்ட ஓபஸ் (opus) வகை ஒலிக் கோப்புகள் கிடக்கும். அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, யார் பேசியது, எதைப் பற்றி என்று பெயர் மாற்றிவையுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பென்டிரைவில் ஏற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். போன் மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.